பட்டியலில் வராத மெத்தட்கள்

எந்த மொபைல் இயங்குதளத்தை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் இரண்டு வகை ஏபிஐ இருக்கும். ஒன்று, எங்களைப் போன்ற வெளியாட்களுக்காக விளக்கம் எழுதி எஸ்டிகே-யோடு கொடுப்பது. மற்றது, இயங்குதளத்தை எழுதியவர்கள் தங்கள் வேலைக்கென்று வைத்துக்கொண்டது. செட்டிங்ஸ் திரை, டயலர், லாக் ஸ்கிரீன் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவதை நம்பித்தான் ஓடுகின்றன. "டயலர் செய்யுதுல்ல, நம்ம ஆப் ஏன் சார் செய்யக் கூடாது?" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது, தனக்குத் தெரியாமலே அந்த இரண்டாவது வகையைத்தான் கேட்கிறார். சிம்பியன் காலம் தொட்டு என் வேலையில் பெரும்பங்கு இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதாகவே கழிந்திருக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஏதோ பூட்டை உடைக்கிற சாகசம் என்று தோன்றும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், கண்டுபிடிப்பது சின்ன வேலை. கண்டுபிடித்ததை அடுத்தடுத்த வெர்ஷன்களில் உயிரோடு வைத்திருப்பதுதான் பெரிய வேலை.

நான் தொடங்கியது நோக்கியாவின் எஸ்60 ஃபோன்களில். 2006 வாக்கில் அதன் மூன்றாம் எடிஷன் வந்தது. அடியில் இருந்தது சிம்பியன் 9.1. பிளாட்ஃபார்ம் செக்யூரிட்டி என்ற காவலும் கூடவே வந்தது. ஒரு செயலி எதைத் தொடலாம் என்பதைக் 'கேப்பபிலிட்டி' என்ற அனுமதிகள் தீர்மானித்தன. சிலவற்றை நாமே அறிவித்துக்கொள்ளலாம். சிலவற்றுக்கு சிம்பியன் சைன்டு வழியாகச் சான்று வாங்க வேண்டும். ஆழமான சில, ஃபோன் தயாரிப்பாளரே சம்மதித்தால்தான் கிடைக்கும்.

அந்த ஃபோன்களில் இருந்த டிஎல்எல்-களில் ஃபங்ஷன்களின் பெயர் இருக்காது. மெமரியை மிச்சப்படுத்துவதற்காக ஒவ்வொரு ஃபங்ஷனையும் வரிசை எண்ணால்தான் இணைப்பார்கள். ஃபோனிலிருந்து டிஎல்எல்-ஐ உருவிப் பார்த்தால் இத்தனையாவது ஃபங்ஷன் என்று மட்டும் தெரியும். பெயர் வேண்டுமென்றால் எஸ்டிகே-க்குள் கிடக்கும் இம்போர்ட் லைப்ரரிகளைப் பார்க்க வேண்டும். ஹெட்டர் ஃபைலை எடுத்திருப்பார்கள், லைப்ரரியை விட்டிருப்பார்கள். அதன் மேல் 'என்எம்' என்ற சாதாரணக் கருவியை ஓட்டினால், சி++ கம்பைலர் முறுக்கி வைத்த பெயர்கள் வரிசையாக வந்து விழும். முறுக்கைப் பிரித்தால் கிளாஸ் பெயர், ஃபங்ஷன் பெயர், அது வாங்கும் ஆர்கியுமென்ட்களின் வகை எல்லாம் தெரியவரும். அது திருப்பித் தருவது என்ன என்பது மட்டும் தெரியாது. சாதாரண ஃபங்ஷனின் முறுக்கிய பெயரில் அதற்கு இடமில்லை.

அந்த இடைவெளியைச் சிம்பியன்காரர்களின் பெயர் வைக்கும் ஒழுங்குதான் நிரப்பியது. பெயர் 'எல்' என்ற எழுத்தில் முடிந்தால் அந்த ஃபங்ஷன் பாதியில் வெளியேறக்கூடும். 'எல்சி' என்று முடிந்தால் ஒரு பொருளை உருவாக்கி, கிளீனப் ஸ்டேக்கில் வைத்துவிட்டுத் தருகிறது. கிளாஸ் 'ஆர்' என்று தொடங்கினால் எங்கோ ஓடும் ஒரு சர்வரோடு பேசுவதற்கான பிடி. 'சி' என்றால் ஹீப்பில் வாழ்வது. இவற்றை வைத்து ஹெட்டரை நாமே கையால் எழுதுவோம். பொருளின் அளவு தெரியாதே என்ற சிக்கல் வரும். அதற்குத் தேவைக்கு மேல் இடம் ஒதுக்கி, கடைசியில் வெறும் பைட்களால் நிரப்பிவிடுவது வழக்கம். இடம் போதாவிட்டால் பக்கத்து வேரியபிள் கெடும். கெட்ட இடத்திலேயே கிராஷ் ஆகாமல் எங்கோ தள்ளிப்போய் ஆகும். இந்தத் தொழிலுக்கான பொறுமையை நான் கற்றது அந்த நாட்களில்தான்.

அதே சமயத்தில் ஐஃபோன் வந்தது. 2007 ஜூன் 29-இல் விற்பனைக்கு வந்தபோது வெளியாட்களுக்கென்று எஸ்டிகே-யே கிடையாது. இணையச் செயலிகளை எழுதுங்கள், போதும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் சொல்லியிருந்தார். ஆனால் அதன் உள்ளே ஓடியது அப்ஜெக்டிவ்-சி. அந்த மொழியில் ஒரு மெத்தடை அழைப்பது ஓடும் நேரத்தில், பெயரைக் கொண்டு. ஆகவே எல்லாப் பெயர்களும் பைனரிக்குள்ளேயே எழுத்தில் இருந்தாக வேண்டும். ஸ்டீவ் நைகார்ட் எழுதிய 'கிளாஸ்-டம்ப்' கருவியை ஒரு ஃப்ரேம்வொர்க் மேல் ஓட்டினால் அச்சடித்த ஹெட்டர் ஃபைலே வெளியில் வரும். சிம்பியனில் எண்களோடு மல்லுக்கட்டியவனுக்கு இது நம்ப முடியாத வசதி. 2008 மார்ச்சில் அதிகாரபூர்வ எஸ்டிகே வரும் முன்பே ஜெயில்பிரேக் செய்த ஃபோன்களில் பலர் யுஐகிட்டை வைத்து முழுச் செயலிகளை எழுதிவிட்டிருந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்தது. அந்த நவம்பரில் கூகுளின் ஐஃபோன் செயலியில் ஒரு புது வசதி வந்தது: ஃபோனைக் காதருகே கொண்டுபோனால் போதும், குரல் தேடல் தொடங்கிவிடும். அருகில் முகம் இருப்பதை உணரும் ப்ராக்ஸிமிட்டி சென்சாரைப் பயன்படுத்த அப்போது பொது ஏபிஐ இல்லை. அறிவிக்கப்படாத ஒன்றைத் தொட்டதைக் கூகுளும் ஒப்புக்கொண்டது. செயலி ஸ்டோரிலேயே இருந்தது. மறுவருடம் வந்த ஐஃபோன் ஓஎஸ் 3.0-இல் அந்தச் சென்சாருக்கான ஏபிஐ எல்லோருக்கும் கிடைத்தது. எங்கள் வட்டத்தில் அப்போது எழுந்த பேச்சு, பெரியவர்களுக்கு ஒரு நியாயம் சின்னவர்களுக்கு ஒரு நியாயமா என்பது. எனக்கு வேறொன்று பட்டது. எந்த ஏபிஐ-க்குத் தேவை இருக்கிறது என்பதை இயங்குதளக்காரர்கள் கண்டுகொள்வதே நாங்கள் எங்கே எல்லை தாண்டுகிறோம் என்பதை வைத்துத்தான்.

திரையில் தெரிவதைப் படமாக எடுக்கும் 'யுஐகெட்ஸ்கிரீன்இமேஜ்' என்ற ஃபங்ஷனுக்கும் அப்படித்தான் நடந்தது. கேமராக் காட்சியைச் செயலிக்குள் எடுத்து அலச வேறு வழியே இல்லாததால் பலரும் அதைப் பயன்படுத்தினார்கள். 2009 டிசம்பரில் ஆப்பிள் அதைத் தற்காலிகமாக அனுமதித்தது. 2010-இல் ஐஓஎஸ் 4 வந்து ஏவி ஃபவுண்டேஷன் வழியாகக் கேமரா ஃப்ரேம்கள் முறைப்படி கிடைத்ததும் அனுமதியைத் திரும்பப் பெற்றது. அதற்குள் ஆப் ஸ்டோர் பரிசீலனையில் தானியங்கி ஸ்கேனரும் வந்திருந்தது. பைனரிக்குள் தனியார் மெத்தட் பெயர் எழுத்தில் இருந்தால் பிடித்துவிடும். பெயரைத் துண்டுதுண்டாக வெட்டி வைத்து ஓடும் நேரத்தில் ஒட்டுகிறவர்கள் உருவானார்கள். நேர்மையாக எழுதுகிறவர்களுக்கோ வேறு தலைவலி: நாமே வைத்த மெத்தட் பெயர் உள்ளே இருக்கும் ஒன்றோடு தற்செயலாக ஒத்துப்போனாலும் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. பெயருக்கு முன்னால் நிறுவனத்தின் முன்னொட்டைச் சேர்க்கும் பழக்கம் பலருக்கு இதனாலும் வந்தது.

என் பிழைப்பு முக்கியமாக ஆண்ட்ராய்டில் அமைந்தது. அங்கே தேடல் முறையே வேறு, ஏனென்றால் மூல நிரல் 2008 அக்டோபரிலேயே திறந்த வெளிக்கு வந்துவிட்டது. எதுவும் ரகசியம் இல்லை. எஸ்டிகே-யோடு வரும் ஆண்ட்ராய்டு.ஜார் ஒரு வெற்றுக் கூடு. அதில் உள்ள மெத்தட்களுக்கு உடலே கிடையாது. அழைத்தால் 'ஸ்டப்' என்று எக்ஸப்ஷன் எறியும். மூல நிரலில் கமென்ட்டில் 'ஹைட்' என்ற குறிப்பு எங்கெல்லாம் இருக்கிறதோ, அந்த மெத்தட்கள் இந்தக் கூட்டில் இடம்பெறாது. ஃபோனில் மட்டும் முழுதாக இருக்கும். ஆகவே அன்று பெயர் தெரிந்தால் போதும், ஜாவாவின் ரிஃப்ளெக்‌ஷன் மூலம் கிளாஸைப் பிடித்து, மெத்தடைப் பெயர் சொல்லிக் கேட்டு, அழைத்துவிடலாம். இன்னும் வசதி வேண்டுமென்றால் ஃபோனிலிருந்து ஃப்ரேம்வொர்க்.ஜாரை எடுத்துவந்து கம்பைலருக்கு முதலில் காட்டினால், மறைந்திருந்ததெல்லாம் சாதாரண மெத்தட்களாகவே தெரியும்.

அந்தக் கமென்ட்களைப் படிப்பது ஒரு படிப்பினை. சிலவற்றில் ஏபிஐ கவுன்சிலின் ஒப்புதலுக்குக் காத்திருப்பதாகவே எழுதியிருக்கும். அவை இன்றோ நாளையோ வெளியே வரக்கூடியவை. சில, சிஸ்டம் செயலிகளுக்கு மட்டுமான அனுமதி கேட்பவை; கண்டுபிடித்தும் பயனில்லை. சில வெறும் உள்வேலை. எழுதியவர் நினைத்தால் நாளைக்கே மாற்றுவார். இன்னும் சில, வெளியிட நினைத்து நேரம் போதாமல் உள்ளே இழுத்துக்கொண்டவை. ப்ளூடூத் அப்படித்தான். 2008 ஆகஸ்டில் வந்த 0.9 பீட்டா எஸ்டிகே-யில் ப்ளூடூத் ஏபிஐ-யை எடுத்துவிட்டார்கள். முழுமையாக்க நேரம் போதவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். 2009 அக்டோபரில் 2.0 வந்தபோதுதான் அது முறைப்படி திரும்பியது. எந்த மெத்தட் எந்த வகை என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள் நிலைத்தார்கள். கண்டதையெல்லாம் அழைத்தவர்கள் ஒவ்வொரு அப்டேட்டிலும் அடி வாங்கினார்கள்.

பொது ஏபிஐ வந்த பிறகும் மறைந்திருக்கும் ஒன்று தேவைப்படுவது உண்டு. மொத்த வியாபாரி ஒருவருக்காக, விற்பனைப் பிரதிநிதிகள் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுத்து, இடுப்பில் மாட்டிய சின்ன ப்ளூடூத் பிரிண்டரில் பில் அடித்துக் கொடுக்கும் செயலியை எழுதினோம். ஒரு மாடல் ஃபோனில் நன்றாக ஓடியது. புது மாடல் வாங்கிக் கொடுத்ததும் வியாபாரியிடமிருந்து அழைப்பு.

"தம்பி, ஃபோன் மாத்தினதுல இருந்து பில் அடிக்க மாட்டேங்குது. பசங்க கையில எழுதிக் குடுக்குறானுங்க."

லாகில் 'சர்வீஸ் டிஸ்கவரி ஃபெயில்டு' என்று இருந்தது. பொது மெத்தட் ஒரு யுயுஐடி-யை வாங்கிக்கொண்டு, எதிரில் இருக்கும் கருவியிடம் "இந்தச் சேவை உன்னிடம் எந்தச் சேனலில் இருக்கிறது" என்று கேட்டுவிட்டுத்தான் இணையும். விலை மலிவான பிரிண்டர்கள் பல இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. மறைந்திருந்த இன்னொரு மெத்தட் சேனல் எண்ணை நேரடியாக வாங்கிக்கொள்ளும். இந்தப் பிரிண்டர்களில் பெரும்பாலும் அது 1. ரிஃப்ளெக்‌ஷனில் அதை அழைத்து 1 என்று கொடுத்ததும் பில் அடித்தது. உலகம் முழுக்க ஆண்ட்ராய்டு டெவலப்பர்கள் இந்த ஒரு வரியைப் பல வருடம் தங்கள் செயலிகளில் வைத்திருந்தார்கள். முதலில் பொது வழி, அது தோற்றால் மட்டும் மறைந்த வழி என்ற வரிசையை நான் விடாமல் கடைப்பிடிக்கத் தொடங்கியது அந்தப் பிரிண்டரிலிருந்துதான்.

அழைப்புகளைக் கையாளும் செயலிகளின் கதை இன்னும் நீளம். வேண்டாத அழைப்பைத் துண்டிக்கப் பொது மெத்தட் எதுவும் அப்போது இல்லை. டெலிஃபோனி மேனேஜருக்குள் பிரைவேட்டாக இருந்த ஒரு மெத்தட், 'ஐடெலிஃபோனி' என்ற உள் இன்டர்ஃபேஸைத் தரும். அதில் 'எண்ட்கால்' இருந்தது. அந்த இன்டர்ஃபேஸின் ஏஐடிஎல் கோப்பைச் சுருக்கி, இரண்டு மூன்று மெத்தட்களை மட்டும் எழுதி, அதே பேக்கேஜ் பெயரில் செயலிக்குள் வைப்பது அன்றைய வழக்கம். தங்கள் கோப்புதான் ஓடுகிறது என்று பலர் நம்பினார்கள். கம்பைல் செய்யத்தான் அது உதவியது. ஓடும்போது ஃபோனில் ஏற்கெனவே இருக்கும் அதே பெயருள்ள கிளாஸ்தான் முந்திக்கொள்ளும். அது நல்லதாகவும் போயிற்று. ஏனென்றால் செயலிக்கும் சிஸ்டத்துக்கும் இடையே பைண்டர் வழியாகச் செல்லும் அழைப்பில் மெத்தட் பெயர் போவதில்லை. கோப்பில் அது எத்தனையாவது என்ற எண்தான் போகிறது. ஏடிபி ஷெல்லில் 'சர்வீஸ் கால் ஃபோன்' என்று எழுதி எண்ணைக் கொடுத்து விளையாடியவர்களுக்கு இது தெரியும். புது வெர்ஷனில் மேலே ஒரு மெத்தடை யாரோ சேர்த்துவிட்டால், நேற்று ஒன்றைச் செய்த எண் இன்று வேறொன்றைச் செய்யும்.

அழைப்பை எடுப்பதற்கும் ஒரு மெத்தட் அங்கேயே இருந்தது. 2010 டிசம்பரில் வந்த 2.3-இல் அதற்குரிய அனுமதியைச் சிஸ்டம் செயலிகளுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். கார் ஓட்டும்போது தானாக அழைப்பை எடுக்கும் செயலிகள் ஒரே நாளில் ஊமையாயின. யாரோ ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஹெட்செட்டில் உள்ள பொத்தானை அழுத்தினால் வரும் செய்தியை நாமே அனுப்புவது. ஹெட்செட்டே இல்லாத ஃபோன், பொத்தான் அழுத்தப்பட்டதாக நம்பி அழைப்பை எடுத்துவிடும். பல வருடம் அப்படியே காலம் ஓடியது. 2017-இல் 8.0 அழைப்பை எடுக்கவும், 2018-இல் 9 துண்டிக்கவும் பொது மெத்தட்களைக் கொடுத்தன. அதே 9-இல் பழைய 'எண்ட்கால்' வழியையும் மூடினார்கள்.

மூடுவது எப்போதும் சத்தத்தோடு நடக்காது. குறுஞ்செய்திப் பெட்டியைப் படிக்கவும் எழுதவும் ஒரு கன்டென்ட் புரொவைடர் முகவரி முதலிலிருந்தே இருந்தது. எந்தக் கையேட்டிலும் அது இல்லை. ஆனால் குறுஞ்செய்தி பேக்கப் எடுக்கும் செயலிகள் எல்லாமே அதை நம்பித்தான் இருந்தன. 2013 அக்டோபரில், 4.4 வருவதற்கு முன், கூகுள் இதை வெளிப்படையாகவே எழுதியது: பலரும் மறைந்த ஏபிஐ-யைப் பயன்படுத்துகிறீர்கள், இனி முறைப்படி ஒன்றைத் தருகிறோம், ஆனால் பயனர் தேர்ந்தெடுத்த ஒரே செயலி மட்டும்தான் பெட்டியில் எழுத முடியும். மற்ற செயலிகள் எழுதினால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். எக்ஸப்ஷன் வராது. எழுதியாயிற்று என்பது போலவே பதில் வரும். பெட்டியில் ஒன்றும் இருக்காது. அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு: அறிவிக்கப்படாத ஒன்றின் வழியாக எதை எழுதினாலும், உடனே திரும்பப் படித்துச் சரிபார்க்க வேண்டும்.

பெயர் மாற்றம் இன்னொரு வகை. மேலிருந்து நோட்டிஃபிகேஷன் திரையை இறக்கும் மெத்தட் 'எக்ஸ்பாண்ட்' என்ற பெயரில் இருந்தது. 4.2-இல் அதை 'எக்ஸ்பாண்ட் நோட்டிஃபிகேஷன்ஸ் பேனல்' என்று மாற்றினார்கள், ஏனென்றால் அந்த வெர்ஷனில் க்விக் செட்டிங்ஸ் என்று இரண்டாவது பேனல் வந்துவிட்டது. அவர்கள் பக்கம் நியாயம் முழுமையாக இருந்தது. லாஞ்சர் எழுதியவர்களின் சைகைகள் வேலை செய்யாமல் போனதும் உண்மை. புகார் சொல்ல இடமில்லை. அறிவிக்கப்படாத ஏபிஐ-யைப் பயன்படுத்துவது ஒப்பந்தப் பத்திரம் இல்லாமல் வாடகை வீட்டில் குடியிருப்பது. வீடு நன்றாகவே இருக்கும். காலி செய்யச் சொன்னால் காட்டுவதற்குத்தான் நம் கையில் எதுவும் இருக்காது.

இந்தியாவில் வேலை பார்த்த எங்களுக்கென்றே ஒரு தனிப் பாடம் இருந்தது: இரட்டை சிம். இங்கே சந்தையில் குவிந்த விலை குறைந்த ஃபோன்களில் இரண்டு சிம் சாதாரணம். ஆண்ட்ராய்டுக்கோ 2015 மார்ச்சில் 5.1 வரும்வரை இரண்டாவது சிம் என்ற ஒன்று இருப்பதே முறைப்படி தெரியாது. ஒவ்வொரு சிப் தயாரிப்பாளரும் ஃபோன் தயாரிப்பாளரும் தங்களுக்குத் தோன்றியபடி ஒட்டுப்போட்டிருந்தார்கள். மீடியாடெக் சிப் உள்ள ஃபோன்களில் வழக்கமான மெத்தட் பெயர்களின் வாலில் 'ஜெமினி' என்று ஒட்டியிருக்கும். எத்தனையாவது சிம் என்று ஒரு எண்ணை வாங்கும். வேறு ஃபோன்களில் தனி கிளாஸ் இருக்கும். இன்னும் சிலவற்றில் பெயர் அதே, ஆர்கியுமென்ட் மட்டும் கூடுதல். சென்னை ரிச்சி தெருவில் கிடைத்த மாடலையெல்லாம் வாங்கி மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் டெலிஃபோனி கிளாஸில் உள்ள எல்லா மெத்தட்களையும் அச்சிட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்த ஒப்பீட்டிலிருந்து, ஃபோனிடமே முழு மெத்தட் பட்டியலையும் கேட்டு வாங்கி, பெயரும் ஆர்கியுமென்ட் வகையும் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சின்ன லைப்ரரி உருவாயிற்று.

அந்த லைப்ரரியை அதிகம் சோதித்தது 5.0-இலிருந்து 5.1-க்கு நடந்த மாற்றம்தான். சிம் இணைப்பைக் குறிக்கும் எண், மறைந்த மெத்தட்களில் 'லாங்' வகையாக இருந்தது. அடுத்த வெர்ஷனில் 'இன்ட்' ஆயிற்று. பெயர் ஒன்றே என்றாலும் ரிஃப்ளெக்‌ஷனுக்கு இரண்டும் வேறு வேறு மெத்தட். அதைவிட வில்லங்கம், எண்ணின் பொருள். சில மெத்தட்கள் ஸ்லாட் எண்ணைக் கேட்கும். அது 0-இல் தொடங்கும். சில, சிம் இணைப்பின் எண்ணைக் கேட்கும். அது பொதுவாக 1-இல் தொடங்கி, சிம் மாற மாறக் கூடும். வகை ஒன்று, பெயரும் பக்கத்துப் பக்கத்தில், ஆனால் ஒன்றில் 1 என்றால் இரண்டாவது சிம், இன்னொன்றில் 1 என்றால் ஃபோனில் முதலில் போட்ட சிம். இதை எந்தக் கருவியும் கண்டுபிடித்துச் சொல்லாது. இரண்டு வேறு நிறுவனத்து சிம்களைப் போட்டு, மாற்றிப் போட்டு, ஒன்றை உருவி, விடையை நேரில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஏபிஐ விளக்கம் எழுதுகிறவர்களின் அருமை எனக்குப் புரிந்தது அந்த மேசையில்.

சி, சி++-இல் எழுதுகிறவர்களுக்கு வேறொரு அடி விழுந்தது. ஃபோனிலேயே ஓபன்எஸ்எஸ்எல் இருக்கிறதே, நம் செயலியோடு ஏன் ஒரு பிரதியைச் சுமக்க வேண்டும் என்று பலர் சிஸ்டத்தின் லைப்ரரியையே இணைத்துக்கொண்டார்கள். 2015-இல் 6.0 வந்தபோது ஓபன்எஸ்எஸ்எல்லின் இடத்தில் கூகுளின் போரிங்எஸ்எஸ்எல் இருந்தது. சில ஃபங்ஷன்கள் காணாமல் போயிருந்தன. 2016-இல் 7.0, என்டிகே பட்டியலில் இல்லாத சிஸ்டம் லைப்ரரிகளை இணைப்பதையே லிங்கரில் தடுத்தது. புழக்கத்தில் அதிகம் இருந்த சிலவற்றுக்கு மட்டும், பழைய செயலிகளுக்காக, எச்சரிக்கையோடு தவணை கொடுத்தார்கள். ஜாவா பக்கமும் இது வரும் என்று அப்போதே பேசிக்கொண்டோம்.

2018-இல் வந்தது. அந்தப் பிப்ரவரியில் அறிவித்து, ஆண்ட்ராய்டு 9-இல் நடைமுறைப்படுத்தினார்கள். மறைந்த மெத்தட்களையும் ஃபீல்டுகளையும் வெளிர் சாம்பல், அடர் சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள். வெளிர் சாம்பல் எச்சரிக்கையோடு ஓடும். அடர் சாம்பல், புது வெர்ஷனைக் குறிவைத்து பில்ட் செய்த செயலிக்கு ஓடாது. கறுப்பு யாருக்கும் ஓடாது. பிற்பாடு இந்த நிறப் பெயர்களை மாற்றிவிட்டாலும் பிரிவு அதேதான். யார் அழைக்கிறார்கள் என்பதை ஏஆர்டி ரன்டைம் பார்க்கும். செயலியின் கிளாஸ் என்றால் அப்படியொரு மெத்தடே இல்லை என்று கைவிரிக்கும். ப்ளே ஸ்டோரில் புதுச் செயலிகள் 2019 ஆகஸ்டிலிருந்து 9-ஐக் குறிவைத்தே ஆக வேண்டும் என்ற விதியும் வந்ததால், பழைய வெர்ஷனைக் காட்டித் தப்பிக்கும் வழியும் அடைபட்டது.

நண்பர்கள் பலர் கொதித்தார்கள். எனக்கு அந்தப் பட்டியலைப் படித்தபோது வேறு எண்ணம். அதுவரை இருட்டில் இருந்த ஒன்றுக்கு முதல்முறையாகப் பொதுவில் கணக்கு எழுதப்பட்டிருந்தது. எங்கள் பில்ட் கோப்பின் மேல் 'வெரிடெக்ஸ்' கருவியை ஓட்டினால், எந்த வரி எந்த நிறம் என்று தெரிந்துவிடும். நாங்களே மறந்துபோனவையும், வாங்கிச் சேர்த்த லைப்ரரிகள் நமக்குச் சொல்லாமல் அழைத்தவையும் சேர்ந்து வந்தன. மாற்று வழி இல்லாவிட்டால் பொது ஏபிஐ கேட்டு விண்ணப்பிக்கவும் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

தடையைத் தாண்டும் வித்தையும் உடனே வந்தது. ரிஃப்ளெக்‌ஷன் மெத்தடையே ரிஃப்ளெக்‌ஷனால் அழைத்தால், அழைப்பவர் சிஸ்டத்தின் சொந்தக் கிளாஸ் என்று ரன்டைம் நினைத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 11-இல் அதை அடைத்தார்கள். பிறகு வேறு வழி வந்தது. புத்திசாலித்தனத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாடிக்கையாளர் செயலிகளில் இவற்றை வைக்க நான் சம்மதித்ததில்லை. உறுதி கொடுக்காத ஒன்றைப் பயன்படுத்துவது வேறு, வேண்டாம் என்று சொல்லிப் பூட்டியதைத் திறப்பது வேறு. முன்னதில் நாம் எடுப்பது நம் ஆபத்து. பின்னதில் நமக்கு விசாரிக்கக்கூட உரிமையில்லை.

அந்தப் பூட்டுகள் ஏன் வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். 2015 அக்டோபரில் சோர்ஸ்டிஎன்ஏ என்ற நிறுவனம் ஐஓஎஸ் ஸ்டோரில் 256 செயலிகளைக் கண்டுபிடித்தது. அவற்றில் சேர்ந்திருந்த யூமி என்ற சீன விளம்பர எஸ்டிகே, தனியார் ஏபிஐ வழியாகப் பயனர்களின் மின்னஞ்சல் முகவரியையும் கருவி எண்களையும் திரட்டிக்கொண்டிருந்தது. அந்தச் செயலிகளை எழுதிய பெரும்பாலோருக்கு அது தெரியாது என்பதே அந்த நிறுவனத்தின் கணிப்பு. ஆப்பிள் அவற்றை நீக்கியது. எங்களிடமும் அப்படிக் கேட்டு வந்தவர்கள் உண்டு. கடன் கொடுக்கும் செயலி வைத்திருந்த ஒருவர், பயனர் செயலியை அழித்துவிட்டு மறுபடி போட்டாலும் அதே ஃபோன் என்று கண்டுபிடிக்க வழி கேட்டார். "அனுமதி கேக்காம எடுக்கணும், அதுக்குத்தான சார் உங்ககிட்ட வந்தேன்" என்றார். நாங்கள் அந்த வேலையை எடுக்கவில்லை. 2019-இல் ஆண்ட்ராய்டு 10, ஐஎம்இஐ போன்ற மாற்ற முடியாத எண்களைச் சாதாரணச் செயலிகளுக்கு இல்லை என்று ஆக்கியபோது, இன்னும் முன்பே செய்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

இப்போது எங்களிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே வந்து நிற்பார்கள்: "அண்ணா, இதுக்கு ஏதாவது பைபாஸ் இருக்கா?" நான் திருப்பிக் கேட்பவை சில. அந்த மெத்தடை இயங்குதளத்துக்குள் வேறு யார் அழைக்கிறார்கள்? தனியாக அப்டேட் ஆகும் சிஸ்டம் செயலிகள் பல அதை நம்பியிருந்தால் அது எளிதில் மாறாது. ஒரே ஒரு கிளாஸ் அழைத்தால் நாளைக்கே போகும். அது படிக்கிறதா, எழுதுகிறதா? படிப்பது தோற்றால் ஒரு தகவல் குறையும். எழுதுவது தோற்றால் பயனரின் ஃபோன் கெடும். அது இல்லாமல் செயலி நடமாட முடியுமா? முடியாதென்றால் அந்தச் செயலியை எழுதவே கூடாது. ஃபோன் தயாரிப்பாளர்கள் சேர்க்கும் ஆட்டோஸ்டார்ட் திரை மாதிரியானவற்றை இன்றும் கிளாஸ் பெயர் சொல்லித்தான் திறக்க வேண்டியிருக்கிறது. அங்கேயும் இதே கேள்விகள்தான்.

இத்தனைக்கும் பிறகு மறைந்த நிரலைப் படிப்பதை நான் நிறுத்தவில்லை. முன்பு அழைப்பதற்காகப் படித்தேன். இப்போது பொது மெத்தட் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று அறிவதற்காகப் படிக்கிறேன். பல பக் அங்கேதான் பிடிபடுகிறது. எங்கள் கோடில் ரிஃப்ளெக்‌ஷன் அழைப்பு எதற்கும் தலையில் ஒரு கமென்ட் கட்டாயம்: எந்தப் பொது ஏபிஐ வந்தால் இதை எடுத்துவிடலாம், வரும்வரை இது தோற்றால் செயலி என்ன செய்யும். இரட்டை சிம் லைப்ரரியில் ஃபோனுக்கு ஒரு கிளையாக வளர்ந்து கிடந்த நிரல், 5.1-க்குக் கீழே உள்ள ஃபோன்களுக்கு ஆதரவை நிறுத்தியதும் மொத்தமாகப் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது இருப்பது சப்ஸ்கிரிப்ஷன் மேனேஜருக்கு ஒரே ஒரு அழைப்பு. சேர்ந்து ஒரு மாதம் ஆன பெண் எழுதியது. அதற்குப் பின்னால் ஒரு மேசை நிறைய ஃபோன்கள் இருந்த கதை அவளுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நாங்கள் தேடிப் போன ஒன்று, அடுத்து வருகிறவர் தேடவே தேவையில்லாததாக ஆகிவிட்டால், இந்தத் தொழிலில் அதுதான் வெற்றி.